ஏழு நாள் காட்டு வழி

போன வாரம் பக்கத்து வீட்டு ஜெனிபர் ஒரு காகிதத்தோடு வந்தாள். நண்பர்களுடன் காட்டுக்குள் நாலு நாள் நடக்கப் போகிறாளாம். டார்ச், கூடாரம், பிஸ்கட், அட்டைக்கு மருந்து... பட்டியல் என் சேலை நீளம் இருந்தது.

"ஆன்ட்டி, நீங்க அந்தக் காட்டுப் பக்கம் போயிருக்கீங்களா?"

"போனதில்ல லா. திட்டம் மட்டும் போட்டிருக்கேன்."

சிரித்தாள். ஆனால் நான் போட்டது சாதாரணத் திட்டமா?

மலாயாவில் ஜப்பான்காரன் ஆண்ட காலம். கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி எட்டு மாதம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள், அடுத்த பட்டியலில் என் வீட்டுக்காரர் சவரியின் பெயரும் இருக்கிறது என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி காதைக் கடித்தார். அப்படிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை.

"காட்டு வழியா ஒங்கக்கா வீட்டுக்குப் போயிடலாம், புள்ள," என்றார் என் வீட்டுக்காரர். அக்கா இருந்தது மலைக்குக் கிழக்கே, சமவெளியில் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஏழு நாள் நடை, அதில் மூன்று நாள் முழங்கால் ஆழச் சதுப்பு என்று காட்டிலேயே வாழும் ஓர் ஒராங் அஸ்லிக்காரர் அவரிடம் சொல்லியிருந்தார்.

அப்புறம் எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளின், லயத்தின், வாசல்வரை பனி ஏறி வந்து நிற்கும். அவர் அடுப்புக்கரியால் தரையில் கோடு போடுவார். இது ஆறு, இது மூங்கில் காடு, இது சதுப்பு. நான் கூடவே நடப்பேன். மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று நாக்கு செத்துப்போன நாட்கள் அவை — சதுப்பில் கெளுத்தி மீனைக் கையாலேயே பிடிக்கலாம் என்று அவர் சொன்னதும், மனசுக்குள் குழம்பே கூட்டிவிட்டேன்.

"புளிக்கு எங்க போவ?"

"காட்டுல மாங்கா கெடைக்காதா?"

"மீனே இன்னும் கெடைக்கல. அதுக்குள்ள மாங்காயா?"

சேற்றையும் அட்டையையும் நினைத்து எனக்குப் பயமே வரவில்லை. உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அப்போதுதான்.

கிழங்கைச் சீவிக் காயவைத்தேன். அட்டைக்குப் புகையிலை சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்புவது என்று முடிவு. ஆனால் நம் ஆட்கள் சொல்லிக்கொள்ளாமல் ஊரைவிட்டுப் போவார்களா? சாவு வீட்டிலிருந்து மட்டும்தானே சொல்லாமல் கிளம்புவோம். நீங்களே சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டு அஞ்சலையிடம் மட்டும், "போய்ட்டு வரேங்க்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கை உப்பு கொடுத்தாள். உப்புக்கு அலைந்த காலம் அது. எதிர் வீட்டுக்காரிக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்வாளே... அங்கேயும் சொன்னேன். சாயங்காலத்துக்குள் லயமே எங்கள் வீட்டுக்கு வந்து போனது. ஒருத்தி கருவாடு, இன்னொருத்தி தீப்பெட்டி. ரகசியம் என்றால் நமக்கு அவ்வளவுதான் — ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வது.

யார் வாயிலிருந்து எந்தக் காதுக்குப் போனதோ, இன்றுவரை தெரியாது. யாரையும் நான் குற்றம் சொல்லவில்லை. முதல் வாய் என் வாய்தானே?

சனிக்கிழமை காலையிலேயே ஜப்பான்காரன் லோரி வந்துவிட்டது. தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவரை அப்படியே மலையிலிருந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். கொழுந்துக் கூடையை எறிந்துவிட்டு நான் ஓடிவந்தபோது ரோட்டில் டயர் தடம்தான் இருந்தது. அவர் திரும்பி வரவேயில்லை.

லயத்தில் ஒரு வீடு விடாமல் சொல்லிக்கொண்டவள் நான். என்னிடம் சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை.