வீரையா தீட்டிய கத்தி

கனகராயன்குளத்தில் சலூன் வைத்திருக்கும் வீரையாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். அது கைக்கு இறங்க நேரம் எடுக்காது. "அடியாத மாடு படியாது" என்பது அவர் வேதம். மாட்டுக்குச் சொன்னதை மனைவி சிவலட்சுமிக்கும் பொருத்திப் பார்த்தவர். அவளுடைய இடது சுண்டுவிரல் இன்றைக்கும் நிமிராது. குடும்ப விசயம் என்று ஊர் வாயைப் பொத்திக்கொண்டது. வெட்கங்கெட்ட ஊர்.

ஆனால் ஒரே மகள் வினோஜாவின் மேல் அவர் ஒரு விரல் வைத்ததில்லை. மாங்குளத்துப் பக்கம் ட்ரக்டர் ஓட்டும் கிருசாந்தனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார். ஒரு சித்திரை வெயிலில், அவனிடம் அடிவாங்கி, அவள் முன்பல் உடைந்து, உதடு பிளந்து, தனியே பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

வீரையா கத்தவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் பின்னால் போனார். சண்டைக்குள் இடம்பெயர்ந்து ஓடியபோது தகப்பனின் சவரக்கத்தியை அங்கேதான் புதைத்திருந்தார். சலூனில் இப்போது அரை பிளேட்டை மாட்டி வழித்துவிட்டு எறிவதுதான் வழக்கம் என்பதால், திரும்பி வந்தும் அதைத் தோண்டவில்லை. கத்தி கிடைத்தது. ஆனால் அதை உரப்பையில் சுற்றிப் புதைத்திருந்தார். வன்னியில் அன்று எத்தனையோ பேர் செய்த பிழை அது. வயல்காரர் ஊரில் வேறென்ன பை அகப்படும்? ஷெல் அடி விட்டுவைத்ததைப் பையில் ஒட்டியிருந்த உரம் தின்றிருந்தது. அலகு முழுக்கத் துருக் குழி.

சலூன் வாசலில், றோட்டைப் பார்த்துக் கதிரை போட்டுத் தீட்டத் தொடங்கினார். மண்ணெண்ணெயில் ஊறவைத்தார், கறளை உரித்தார், அரத்தாளால் தேய்த்தார், சாணைக்கல்லில் இழுத்தார். ஒரு குழிகூட மிஞ்சக்கூடாது என்று வெறி. குழியைத் துரத்தத் துரத்த அலகு மெலிந்தது. மெலிந்த அலகு தாடிக்குத்தான் ஆகும் என்பது தொழில்காரனுக்குத் தெரியாதா? கோபம் கண்ணை மறைத்தது.

"வீரையண்ணை, ஆருக்கு உந்தக் கத்தி?" என்று எதிர்க்கடை நடராசா கேட்டார்.

"மருமோனுக்கு முகம் வழிக்க வேணும்."

கடைத்தெரு சிரித்தது. கதை கிருசாந்தன் காதுக்கும் போனது. சலூனுக்குப் பின்னால் வீட்டுக்குள் இருந்த வினோஜாவிடம் மட்டும் அவள் என்ன செய்யப்போகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு பட்டப்பகலில் கிருசாந்தன் கசிப்புச் சாராய நாற்றத்தோடு சலூனுக்குள் வந்து நின்றான்.

"என்ர மனிசிய அனுப்புங்கோ. நீங்கள் செய்யாததையோ மாமா நான் செய்திட்டன்?"

அந்தப் பேச்சுத்தான் வீரையாவைச் சுட்டது. பாய்ந்தார். குரல்வளைக்கு வீசிய வீச்சு, அவன் குனிந்ததில் தோள் எலும்பில் இறங்கியது. அலகு இரண்டாக முறிந்தது. ஒரு பாதி அவன் சதைக்குள் நின்றது. மற்றப் பாதி வீரையாவின் உள்ளங்கையைக் கிழித்தது. கண்ணாடியெல்லாம் இரத்தம். கிருசாந்தன் அலறிக்கொண்டு விழுந்தான். வீரையா இரும்புக் கதிரையைத் தூக்கி அவன் விலாவில் போட்டார். மீண்டும் ஓங்கியபோது வினோஜா ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"காணும் அப்பா! கொலை செய்துபோட்டு மறியலுக்குப் போகப்போறியளோ?"

"தள்ளடி!"

ஓங்கிய கதிரையைக் கண்டதும் அவள் கழுத்தை ஒடுக்கி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தகப்பன் ஒருநாளும் அடிக்காத பிள்ளை. அப்படி ஒடுங்கி நிற்கும் சிவலட்சுமியை வீரையா குசினி அடுப்பு மூலையில் எத்தனை தரம் பார்த்திருக்கிறார்! கதிரை கையிலிருந்து நழுவியது.

"உங்களைக் கண்டாலும் எனக்குப் பயம் அப்பா," என்றாள், கையை இறக்காமலே. "சின்னனில இருந்தே பயம். அந்தாளுக்குப் பயந்து உங்களிட்ட வந்தனான். இனி நான் எங்க போறது?"

நடராசா ஓட்டோ பிடித்துக் கிருசாந்தனை ஆசுபத்திரிக்கு ஏற்றினார். பொலிஸ் வரப்போகுதென்று சனம் கூடிவிட்டது. கிளிநொச்சியில் தையல்கடை வைத்திருக்கும் சிநேகிதி தயாளினியிடம் போவதாகச் சொல்லி வினோஜா பையைத் தூக்கினாள். கிழிந்த கையைத் துவாயால் சுற்றிக்கொண்டு வீரையா றோட்டுவரை பின்னால் போனார்.

"போகாதை பிள்ளை. அப்பா கும்பிடுறன், போகாதை."

வீரையா கெஞ்சி ஊர் கேட்டது அன்றைக்குத்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் வந்து நின்றது. வினோஜாவுக்கு முன்னால், அடுப்படிச் சேலையோடு, காலில் செருப்புமில்லாமல், சிவலட்சுமி ஏறினாள்.