தட்டினால் நகரும் முள்

லாரிக்காரரின் டீசல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும். பக்கத்து இருக்கையிலிருந்து மனைவி மோதிர விரலால் மீட்டர் கண்ணாடியை ஒரு தட்டு தட்டினால்தான் அது உண்மையான அளவுக்கு இறங்கும். இவர் எத்தனை முறை தட்டினாலும் அசையாது. "உங்களுக்குக் கைராசி இல்ல" என்று சிரிப்பாள்.

அவள் இறந்தபின் மூன்று முறை டீசல் தீர்ந்து நடுரோட்டில் நின்றார். வேறு வழியில்லாமல் டிஜிட்டல் மீட்டர் மாட்டக் கொடுத்தார்.

எலக்ட்ரீஷியன் ஒயர்களை இணைத்துச் சாவியைத் திருப்பினான். டீசல் அளவு பச்சை எழுத்தில் பளிச்சென்று வந்தது.

"இனிமே கவலையே இல்லண்ணே. பழசைத் தூக்கிப் போட்டுடவா? அதுதான் வேலை செய்யலையே."

லாரிக்காரர் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தார்.

"யார் சொன்னா? அவ தட்டினா வேலை செய்யும்."