அண்ணன் கொடுத்த மரியாதை

சிறுகதை கேட்கிற பத்திரிகைக்காரர்கள் ஃபோனில் முதலில் விசாரிப்பது கதையின் கருவைத்தான். இன்னும் எழுதாத கதைக்குக் கரு என்னவென்று எனக்கு எப்படித் தெரியும்? எரிச்சலாக வரும். ஆனாலும் இந்தமுறை ஆண்டுமலருக்குக் கேட்டவரிடம் வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். "சமாதானங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரு சண்டை போட்டுச் சேந்துக்கறாங்க."

அந்தக் கரு பக்கத்துச் சுவர் வழியாக வந்தது. கணபதி பகுதியில் எங்கள் வீட்டை ஒட்டியே ஒரு லேத் பட்டறை. பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். மெஷின் சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அண்ணன் சத்தத்தைத்தான் தாங்க முடியாது. "டேய், எங்கடா போய்த் தொலைஞ்ச? காதுல என்றா வெச்சிருக்கற?" தம்பிக்கு நாற்பது தாண்டிவிட்டது, மகள் கல்லூரிக்குப் போகிறாள். "வாரேன் இருணா, கத்தாத" என்பார் சாவகாசமாக. நாளெல்லாம் இந்தக் கச்சேரியைக் கேட்டுக்கொண்டுதான் நான் இலக்கியம் படைக்க வேண்டும்.

கோடையில் ஒருநாள் இருவருக்கும் முட்டிக்கொண்டது. தம்பி கம்ப்யூட்டர் மெஷின் போட வேண்டும் என்றார். இருக்கிறதே போதும் என்றார் அண்ணன். வீதியே கூடி வேடிக்கை பார்த்தது. அதற்குப் பிறகு சில நாட்கள் பட்டறையில் பேச்சே இல்லை. அப்புறம் ஒரு காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் குரல் கேட்டது.

"ஏனுங்க, அந்த ஸ்பேனரை எடுங்க."

"எடுத்துட்டேனுங்க" என்றார் தம்பி.

அடடா, என்ன மரியாதை! சண்டை போட்டதில் இரண்டு பேருக்கும் புத்தி வந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். கதை தடங்கலில்லாமல் ஓடியது. முடித்த சூட்டோடு கணவரிடம் படித்துக் காட்டினேன். அவர் பாராட்டுவார் என்று பார்த்தால், என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனம்மணி, நீ இந்த ஊர்ல பொறந்தவதானா? கூடப் பொறந்த தம்பியப் போயி எவனாச்சும் வாங்க போங்கம்பானா? அவங்க பிரிஞ்சுபோட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. பால்காரரிலிருந்து பஸ் கண்டக்டர் வரை எல்லோரிடமும் ‘ங்க’ போட்டே பழகிய நாக்கு என்னுடையது. அந்த ‘ங்க’வை வைத்தே ஒருவரை வாசலோடு நிறுத்திவிட முடியும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. கதைக்கு ஒரு நல்ல முடிவு கிடைத்த மகிழ்ச்சியில் காது மந்தமாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி தன் பங்கு லேத்தை எடுத்துப்போக வண்டியோடு வந்தார். போத்தனூர் பக்கம் இடம் பிடித்திருந்தாராம். நான் மாடியில் நின்று பார்த்தேன். இந்தப் பக்கமே வரமாட்டார் என்று நான் நினைத்த அண்ணன், ஆட்களோடு சேர்ந்து தானும் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார். "மெதுவாத் தூக்குங்க. அப்பிடிக்கா நகருங்க." ஆட்களுக்கும் தம்பிக்கும் ஒரே குரல்தான். இருவரும் இனியாவது சேர்ந்துவிட மாட்டார்களா என்று என் மனசு அடித்துக்கொண்டது. கதைக்காக இல்லை, அந்தக் கத்தலைக் கேட்காமல் வீடு வீடாகவே இல்லை.

வண்டியில் ஏற்றும்போது கயிறு நழுவி மெஷின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தம்பியின் கை அதற்கும் வண்டிப் பலகைக்கும் நடுவே இருந்தது.

"டேய்! கைய எடுடா, கிறுக்கா!"

தம்பி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். மெஷின் தொப்பென்று பலகையில் இறங்கியது. தம்பியின் முகமோ மலர்ந்துபோயிருந்தது.

"ஒண்ணும் ஆகலணா" என்றார்.

அண்ணன் அவர் பக்கம் திரும்பவில்லை. குனிந்து கயிற்றை எடுத்து இறுக்கிக் கட்டினார்.

"கைய எடுத்துக்குங்கன்னு சொன்னனுங்க."

வாய் தவறி வந்த பாசத்தை அந்த மனிதர் திருத்திக்கொண்டாரே, நான் எழுத வேண்டியது அதைத்தான் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

தம்பி அண்ணனின் முதுகைப் பார்த்தார்.

"சரிங்க" என்றார்.