போஜண்ணனின் கடைசி மிதி

"க்ரீச்ச்ச்..."

அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள்ளேயே இருக்கிறது. கோத்தகிரி ஸ்டாண்டில், பனி விலகாத திங்கட்கிழமை காலையில், என் வேனின் சக்கர நட்டை இறுக்கும்போது இரும்பு முனகும் சத்தம். அப்போதெல்லாம் அது கேட்டால்தான் எனக்கு நிம்மதி. எவ்வளவு பெரிய மடத்தனம், பாருங்கள்!

அப்போதுதான் ஸ்கூல் வேன் ஓட்ட ஆரம்பித்திருந்தேன். எஸ்டேட் லைன் வீடுகளில் பிள்ளைகளை ஏற்றி, கோத்தகிரியில் கொண்டுபோய் விடும் வேலை. ஸ்டாண்டில் பெண் டிரைவர் நான் ஒருத்திதான். முதல் சில நாட்கள் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒருநாள் பஞ்சராகி ஸ்டெப்னி மாற்றிக்கொண்டிருந்தேன். ஜீப் ஓட்டும் போஜண்ணன் வந்தார். ஆள் ஆஜானுபாகு.

"தள்ளு அம்முணி" என்றவர், வீல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று ஒரு மிதி மிதித்தார். க்ரீச்ச்ச்...

"புள்ளைங்க போற வண்டி. கெட்டியா இருக்கோணும்."

அவ்வளவுதான், அது வழக்கமாகிவிட்டது. வாரம் பிறந்தால், முதல் ட்ரிப்புக்கு முன்னால் ஸ்டாண்டு டிரைவர்கள் எல்லாரும் என் வேனைச் சுற்றி வந்துவிடுவார்கள். கையில் டீ கிளாஸோடு ஒருத்தர், மப்ளரை இறுக்கிக்கொண்டே இன்னொருத்தர்... "ஏனுங்க தங்கச்சி, நானும் ஒரு மிதி மிதிச்சுட்டுப் போறனுங்க" என்று வரிசையாக மிதிப்பார்கள். கடைசி மிதி மட்டும் எப்போதும் போஜண்ணனுடையது. அதற்குப் பிறகுதான் நான் சாவியைப் போடுவேன். என்னைத் தங்கச்சியாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம்.

அந்தத் திங்கட்கிழமையும் எல்லாரும் மிதித்தார்கள்.

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். ஸ்டீயரிங் லேசாக நடுங்கியது. ரோடு சரியில்லை என்று நினைத்தேன். அடுத்த வளைவில், "டக்".

"அக்கா, கல்லு அடிச்சிருச்சுங்க" என்றது ஒரு வாண்டு.

மறுபடியும் "டக்". இப்போது வண்டியே இடது பக்கம் இழுத்தது. இடது பக்கம் என்றால் பள்ளம். பிரேக்கை மெதுவாக அழுத்தி, எப்படியோ தேயிலைச் செடி ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். இறங்கிப் பார்த்தேன்.

முன்சக்கரத்தில் நாலு நட்டு இருக்க வேண்டும். இரண்டைக் காணவே காணோம். மூன்றாவதை விரலால் தொட்டேன்... கையோடு வந்துவிட்டது. ஒரே ஒரு நட்டை நம்பி அத்தனை பிள்ளைகளும் உள்ளே உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாரையும் கீழே இறக்கி உட்கார வைத்தேன். போஜண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா... எவனோ என் வண்டி நட்டைக் கழட்டி வுட்டுட்டானுங்ணா. புள்ளைங்களோட பள்ளத்துல போயிருப்பனுங்ணா!"

பொம்பளை வண்டி ஓட்டுவது பிடிக்காத யாரோ செய்த வேலை என்றே நம்பினேன். மனதுக்குள் இரண்டு மூன்று முகங்கள்கூட வந்துபோயின.

பட்டறை மெக்கானிக் அந்தோணியை ஏற்றிக்கொண்டு போஜண்ணன் ஜீப்பில் பறந்து வந்தார். "எவன்டா அவன்? கையை முறிச்சுப்போடறேன்!" என்று கத்திக்கொண்டேதான் இறங்கினார்.

அந்தோணி குனிந்து பார்த்தார். சக்கரத்தைத் தடவினார். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"எவனும் கழட்டலீங்க. போல்ட்டே முறிஞ்சிருக்குது. அளவுக்கு மேல இறுக்க இறுக்க, உள்ள இழுபட்டு இழுபட்டு ஒரு நாளு பட்டுனு போயிரும். யாருங்க இதை இப்படி இறுக்குனது?"

நான் போஜண்ணனைப் பார்த்தேன்.

போஜண்ணன் தன் செருப்புக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

"நாங்கதானா அம்முணி?" என்றார். "நாங்களேவா?"

செடி ஓரம் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். அத்தனை பெரிய மனிதர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுததை அன்றுதான் பார்த்தேன்.

பிள்ளைகளை ஜீப்பில் ஸ்கூலில் விட்ட பிறகு, அந்தோணியின் பட்டறையில் புது போல்ட் போட்டார்கள். அந்தோணி நீளமாக ஒரு ஸ்பேனரை எடுத்தார். டார்க் ரெஞ்ச் என்றார். நட்டு எவ்வளவு இறுக வேண்டுமோ அந்த அளவைப் பிடியில் வைத்துத் திருப்பினார். "டிக்" என்றது. கையை எடுத்துவிட்டார்.

"அவ்வளவுதானா?" என்று நானும் போஜண்ணனும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

"அவ்வளவுதானுங்க. அதுவே போதும்னு சொல்லீருச்சு."

அத்தனை லேசாக ஒரு சக்கரம் நிற்கும் என்பதை நம்பவே முடியவில்லை. அன்று வீடு வரைக்கும் முதல் கியரிலேயே போனேன்.

இப்போது வேறு வேன். ஆனால் அதே வேலை. டார்க் ரெஞ்ச் என் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் நானே குனிந்து நட்டுகளைச் சரிபார்க்கிறேன். டிக்... டிக்... முடிந்தது. யாரும் கூடி நிற்க வேண்டியதில்லை, யாரும் மிதிக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் பத்திரமாகப் போய் வருகிறார்கள். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இருந்தாலும், டீ கிளாஸோடு என் சக்கரத்தைச் சுற்றி நின்ற அந்தக் கும்பல் இல்லாமல் ஸ்டாண்டு வெறிச்சென்றுதான் இருக்கிறது.

போஜண்ணன் மட்டும் இன்றைக்கும் வருகிறார். ஆனால் கிட்டே வரமாட்டார். எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு சத்தமாகக் கேட்பார்.

"அம்முணி, டிக்குன்னுச்சா?"

"சொல்லீருச்சுங்ணா."

"எல்லாமுமா?"

"எல்லாமுங்ணா."

அதற்குப் பிறகுதான் நான் சாவியைப் போடுகிறேன்.