செல்லத்துரை அண்ணாச்சி வயலும் ஒரு பாக்கி மூலையும்

காடாகிப்போன வயலை வெட்டித் திருத்தும் தொழிலில் கத்தி தேயும் முன்னால் பொறுமை தேய்ந்துவிடும். கையில் முள் ஏறாத நாளே இல்லாத தோழர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்லுகிறேன்.

வரப்பு எங்கே?

செல்லத்துரை அண்ணாச்சி பதினெட்டு வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். சுசீந்திரம் பக்கம் அவருக்கும் தம்பிக்கும் பொதுவாக ஒரு வயல். இந்தக் கன்னிப்பூ சாகுபடிக்கும் நெல் நடவில்லையென்றால் பிளாட் போட்டு விற்றுவிடுவேன் என்று தம்பி கெடு வைத்துவிட்டான். கால்வாயில் தண்ணி விட ஒரு வாரம்தான் இருந்தது. ரோட்டில் நின்று பார்த்தால் ஆளுயரத்துக்கு உண்ணிச்செடியும் கைதை என்கிற தாழை முள்ளும். "வரப்பு எங்கே அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அது தெரிஞ்சா உம்ம எதுக்குவே கூப்பிடுதேன்?"

ரெண்டு நாள் ஓசி

ரெண்டு ஆட்கள், ஒரு புல்வெட்டி மிஷின், வெட்டுகத்திகளோடு இறங்கினோம். குத்துமதிப்பாக வெட்டிக்கொண்டே போனால், இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு எல்லைக்கல் காலில் இடறியது. ஐயோ! வெட்டினது முழுக்கப் பக்கத்து வயல், டானியல் வாத்தியாருடையது. அதுவும் தரிசுதான். வாத்தியார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். அவரோ சுற்றிப் பார்த்துவிட்டு மேல் மூலையைக் காட்டினார்.

"அந்த மூலை பாக்கி இருக்குல்லா மக்கா, அதையும் வெட்டிரு."

தண்ணி எங்கே?

வந்த கோபத்தில் அந்த மூலைப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீதி ஐந்து நாளில் அண்ணாச்சி வயலை வெட்டி, தூர் கிளப்பி, வரப்பும் போட்டோம். உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து மிஷினைப் பிடிக்க முடியவில்லை. துணி சுற்றிக்கொண்டு பிடித்தேன். விடமாட்டேன் என்று ஒரு வீம்பு.

சொன்ன நாளில் கால்வாய் திறந்தார்கள். வயலுக்குச் சொட்டுத் தண்ணி வரவில்லை. அண்ணாச்சிக்கு முகமே செத்துப்போனது. ஓடையோடு ஏறிப் போய்ப் பார்த்தால், வாத்தியார் வயலின் மேல் மூலையில், கைதைப் புதருக்குள்ளே தண்ணி முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த வழியாகத்தான் அண்ணாச்சி வயலுக்கே பாய்ச்சல். கரையில் வாத்தியார் நின்றார்.

"அன்னைக்கே சொன்னேம்லா மக்கா, அந்த மூலை பாக்கின்னு."

தம்பிக்குப் போன்

அந்தப் புதருக்குள் இறங்கினேன். வாத்தியாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெட்டுகத்தி எடுத்தார். மத்தியானம் கடைசித் தூர் சரிந்ததும் தண்ணி குபுகுபுவென்று பாய்ந்தது. அண்ணாச்சி கணுக்கால் தண்ணியில் நின்றுகொண்டு தம்பிக்குப் போன் போட்டார்.

"ஏலே, பிளாட்டு பாக்க வாறவன நீந்தி வரச் சொல்லு."

அதிலிருந்து எந்த வயலுக்குப் போனாலும், பக்கத்து வயல்காரர் காட்டுகிற மூலையைத்தான் நான் முதலில் வெட்டுகிறேன், அதுவும் ஓசிக்கு.