சயாமிலிருந்து வரவேண்டிய கடிதம்

மலாயாவின் அவசரகாலத்தில் அடையாளக் கார்டு இல்லாமல் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குக்கூடப் போக முடியாது. என் அக்காவிடம் கார்டு இல்லை. கார்டுக்குப் படம் பிடிக்க வருவதற்கு முன்பே அவள் கல்யாணமாகி எல்லைக்கு அப்பால், சயாமில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டாள். கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்ததும், எல்லையில் அனுமதிச் சீட்டு வாங்கி எங்களிடம் வந்தாள். நான்தான் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

பஸ்ஸில் அக்கா என் காதோரம் சொன்னாள்.

"ஒன் கார்ட காட்டி, நான்தான் நீன்னு சொல்லிடு. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சிதானே. தோட்டத்து ஆளுன்னா செலவு தோட்டத்தோடது. ஒடனே ஆப்பரேஷன் செஞ்சிடுவாங்க."

"கார்ட அங்க வாங்கி வெச்சிக்குவாங்கக்கா. ரோட்டுல சோல்ஜர் கேட்டா நான் எதக் காட்டுறது?"

"என் சீட்ட எடுத்துக்கிட்டு சயாமுக்குப் போ. ஒங்க மாமனுக்குச் சோறாக்கிப் போடு." சிரித்தவள், வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பேர் பதியும் கிராணி தமிழர். எந்த ஊர் என்று கேட்டார். பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சயாமா? அந்த கவர்மெண்டு செலவ ஏத்துக்கிறோம்னு கடுதாசி குடுக்கணும்மா. இங்கேருந்து எழுதுவாங்க. பதில் வந்தாத்தான் ஆப்பரேஷன்."

"எவ்ளோ நாளாகும்ண்ணே?"

"ரெண்டு கவர்மெண்டு பேசிக்கிறது லேசான காரியமா லா?"

கட்டில் கொடுத்தார்கள், வலிக்கு மருந்தும் கொடுத்தார்கள். வேலையில்லாத நாளில் மட்டும் நான் போய்ப் பார்ப்பேன். "என்னாடி, எந்த கவர்மெண்டுக்கு என் வயிறு வேணுமாம்?" என்று அக்கா கேட்பாள். மூன்றாம் முறை போனபோது கேட்கவில்லை. அதற்கடுத்த வாரம் ரத்தப்போக்கு நிற்காமல் இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்து அவள் சாமான்களை வாங்கப் போனேன். வாங்கிக்கொண்டு திரும்பும்போது வாசலருகே கிராணி என்னைக் கூப்பிட்டார். கையில் சயாம் முத்திரை குத்திய தாள்.

"வந்துடுச்சிம்மா! ஒத்துக்கிட்டாங்க. போய் அக்காகிட்ட சொல்லு."

அவருக்கு விஷயம் தெரியாது. முகமெல்லாம் சந்தோஷம்.

"சரிங்கண்ணே" என்றேன். கையிலிருந்த அக்காவின் சேலையையும் குவளையையும் முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

திரும்பும் வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். கார்டை நீட்டினேன். சோல்ஜர் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தான்.