வாசிப்பறை மியூட் அக்கா

என் அண்ணி வேலை பார்க்கும் நூலகத்தில் அவள் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'மியூட் அக்கா' என்றால்தான் தெரியும். பரீட்சைக்குப் படிக்க வரும் பிள்ளைகள் வைத்த பெயர். நகரத்திலேயே பெரிய நூலகம் அது. மேல்மாடி வாசிப்பறை அண்ணியின் ராஜ்ஜியம். யாராவது கிசுகிசுத்தால் போதும், இருந்த இடத்திலேயே எழுந்து நின்று விரலை உதட்டில் வைப்பாள். அறை கப்சிப். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் ரப்பர் மூடி மாட்டியது அவள்தான். செய்தித்தாள் மேல் தலைவைத்துக் குறட்டை விடும் பெரியவர்களை எழுப்ப மாட்டாள். பக்கத்தில் போய் நாற்காலியை லேசாக அசைப்பாள். குறட்டை நிற்கும், தூக்கம் கலையாது. இந்த வித்தையை என் அண்ணனின் குறட்டையில்தான் பழகியிருக்க வேண்டும்.

அங்கே அப்படி இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? வீட்டுக்கு வந்தும் அதையே செய்தால் எப்படி? கதவைச் சாத்தினால் விரல். பாத்திரம் விழுந்தால் விரல். நான் போனில் பேசினால் விரல். எனக்கோ பிறவியிலேயே வெண்கலத் தொண்டை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் நாங்கள் சண்டையில்லாமல் இருப்பதற்குக் காரணம், அவள் என்னைத் திட்டுவது என் காதில் விழாததுதான்.

அப்பேர்ப்பட்டவளுக்கு டிரம்ஸ் வாசிக்கும் மகள், என் மருமகள். முதல் டிரம்மை வாங்கிக் கொடுத்த பாவி நான்தான். அவள் குச்சியைக் கையில் எடுப்பாள், அண்ணியின் விரல் உதட்டுக்குப் போகும், அவள் குச்சியைக் கீழே வைப்பாள். பிறகு பிறகு அம்மா வாசலில் வந்து நின்றாலே அவள் கை தானாக நின்றுவிடும். கடைசியில் ஓர் இசைக்குழுவோடு சேர்ந்து, ஆளில்லாத ஒரு கிடங்கில் போய்ப் பழகினாள்.

அந்தக் குழுவின் நிகழ்ச்சி எங்கே நடக்க வேண்டும்? அண்ணியின் நூலகத்திலேயே, தரைத்தளத்து அரங்கில். மருமகள் தனியாக ஒரு பகுதி வாசிக்க வேண்டும். அது சரியாக வந்தால்தான் குழுவில் நிரந்தர இடம் என்று குழுவை நடத்தும் மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"அம்மா வர வேணாம் அத்தை. அவங்களுக்கு நான் வாசிக்கிறதே பிடிக்காது. அவங்க மூஞ்சியப் பாத்தா எனக்குக் கை ஓடாது."

பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியின் காதில் இது விழுந்துவிட்டது. நான் உள்ளே போனதும், "பிடிக்கலைன்னு நான் எப்ப சொன்னேன்?" என்றாள், அதையும் கிசுகிசுத்து.

"பிடிக்கும்னுதான் எப்ப சொன்னீங்க அண்ணி?" என்று கேட்டேன். அவள் மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

நிகழ்ச்சியன்று வாசிப்பறையைப் பூட்டிவிட்டு, திருடி மாதிரி வந்து கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடையில் விளக்கு குறைந்தது. மருமகளின் பகுதி மிக மெதுவாகத்தான் தொடங்கியது, தூரத்தில் மழை வருவது போல. அந்த நேரம் பார்த்து எங்களுக்கு முன்வரிசையில் இரண்டு பேர், எந்தக் கடையில் செருப்பு மலிவு என்று பேச ஆரம்பித்தார்கள். அண்ணி நெளிந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"உக்காருங்க அண்ணி," என்று கையைப் பிடித்தேன். யார் கேட்டது? அவள் எழுந்து நின்று விரலை உதட்டில் வைத்துவிட்டாள். திரும்பிப் பார்த்த செருப்புக்காரர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அதே நேரம் மேடையில் பெண் தலை நிமிர்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அம்மா நிற்கிறாள், விரல் உதட்டில். அவள் கை நின்றுவிட்டது.

அரங்கமே அமைதியானது. மேடை ஓரத்தில் மாஸ்டரின் முகம் சுருங்கியது. ஊரைக் கூட்டும் என் தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை.

"உன்ன இல்லடி! இவங்களச் சொன்னேன்! நீ அடி... நல்லா சத்தமா அடி!"

கத்தியது அண்ணி. மொத்தக் கூட்டமும் திரும்பியது. வாசிப்பறைப் பிள்ளைகள் சிலர் வந்திருந்தார்கள். அவர்கள் வாய் பிளந்தபடி நின்றார்கள். யாரோ சிரிக்க, அரங்கம் முழுவதும் சிரித்தது. மேடையில் அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், குச்சியைத் தூக்கினாள். அப்புறம் அவள் வாசித்ததில் என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. மாஸ்டர் தன்னை மறந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். இனி அவள் இடத்தை யாரும் அசைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

அண்ணி மட்டும் மேடையைப் பார்க்கவில்லை. உட்கார்ந்து, மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப் பாத்ததும் நிறுத்திட்டா," என்றாள். "வீட்லயும் இப்படித்தான் நிறுத்தினாளா?"

ஆமாம் என்று சொல்ல மனம் வரவில்லை. அதற்குள் வாசிப்பு முடிந்து எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"கை தட்டுங்க அண்ணி," என்றேன்.

எல்லோரும் தட்டி ஓய்ந்து உட்கார்ந்த பிறகும் அவள் நின்றுகொண்டு தட்டினாள்.